தங்கச்சி வச்ச பொட்டு

அழகுபாண்டியின் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன ஆளைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். நானே நம்பவில்லை. வண்டிக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தேன், புகை கண்ணுக்கு நேரே கிளம்புகிறது, அப்போதும் நம்பவில்லை.

அழகுபாண்டி என் வீட்டுக்காரர். கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். நாங்கள் குடியிருப்பது திருமங்கலத்தில்; அவர் பிறந்தது பேரையூருக்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற ஒரு சின்ன ஊர். என் மாமனார் ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். ஒரு நாள் பட்டப்பகலில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஊரில் கார் வைத்திருந்த ஒரே வீட்டுக்கு இவர் ஓடியிருக்கிறார். "டிரைவர் இல்லப்பா" என்று பதில் வந்திருக்கிறது. அந்த டிரைவர் அங்கேயே வேப்பமர நிழலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மாமனார் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு இந்த மனுஷன் மனசுக்குள் என்ன சபதம் போட்டாரோ, கல்யாணமாகிக் கையில் நாலு காசு சேர்ந்ததும் வீடு கட்டவில்லை, எனக்கு ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கவில்லை. கார் வாங்கினார்.

சின்னக் கார் இல்லை. நீளத்தைச் சுருக்கி, தரையிலிருந்து தூக்கி வைத்த மாதிரி கட்டியிருப்பார்களே, அந்த எஸ்யூவி. வெள்ளைக் கலர். குண்டும் குழியுமான எங்கள் ஊர்ப் பாதையில் அடி தட்டாமல் போகும் என்பதற்காகவே அதைத் தேடிப் பிடித்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வண்டியில் ஏறாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. பிரசவத்துக்குப் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள், பரீட்சைக்குப் போன பிள்ளைகள், பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர்கள், ஒரு தடவை நேர்த்திக்கடன் கிடாய்கூட. அந்தக் கிடா வாடை போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யார் எந்த நேரத்தில் ஃபோன் அடித்தாலும் "இந்தா வாரேன்" என்பதுதான் அவர் பதில். சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். டிரைவர் இல்லை என்ற சொல்லை எங்கள் ஆட்கள் இனிக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வண்டியும் லேசுப்பட்டதில்லை. வெள்ளத்தில் இறங்கியிருக்கிறது, கரட்டில் ஏறியிருக்கிறது, ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் புதுசு புதுசாக மாற்றினார்கள். இவர் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனுஷன் பல் விளக்குகிறாரோ இல்லையோ, வண்டியைத் துடைத்துவிடுவார். டயரில் சிக்கிய கல்லை ஸ்குரூடிரைவரால் நோண்டி எடுப்பார். நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்றால் கண்ணில் படாது. பம்பரில் கீறல் விழுந்தால் தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும். அவருக்கு ஒரு வேதவாக்கு உண்டு. ஓட்டப் பழக வருகிற எல்லோருக்கும் முதல் பாடம் அதுதான்.

"இங்க பாரு மாப்ள, வண்டி பேசாதுன்னு நெனைக்காத. அதுக்கு எங்கயாச்சும் வலிச்சா மீட்டர்ல செவப்பு லைட்டப் போட்டுக் காட்டிரும். எரிஞ்சா ஓரங்கட்டு. எரியலையா, கண்ண மூடிக்கிட்டு நம்பிப் போ."

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டுனா புளியமரத்துலதான் போய் நிக்கும்" என்பேன். முறைப்பார்.

இந்த இடத்தில் என் நாத்தனார் தங்கப்பொண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஒரே தங்கச்சி. அதே ஊரில் மருதுவுக்கு வாக்கப்பட்டு, புருஷனும் பெஞ்சாதியுமாகச் சொந்தத்தில் கொஞ்சம் காடு வாங்கிப் பருத்தி போடுகிறார்கள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அண்ணன் பெண்டாட்டி என்றால் அப்படியில்லை. நான் வைக்கிற குழம்பில் அவளுக்கு எப்போதும் உப்புக் கூட. அவள் கட்டுகிற சேலை எனக்கு எப்போதும் கண்ணைப் பறிக்கிற கலர். எங்கள் சண்டையைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வீட்டுக்காரி வேலையில்லாமல் வாசல் கூட்டுவாள்.

புது வண்டி ஊருக்குள் வந்த அன்று ஆரத்தி எடுத்தது தங்கப்பொண்ணுதான். எங்கள் பக்கத்தில் ஆரத்தியும் முதல் பொட்டும் கூடப்பிறந்தவள் உரிமை. அண்ணன் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். பானட்டில் பொட்டு வைத்தாள், ஸ்டியரிங்கில் வைத்தாள். அப்புறம் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, வெளிய வச்சது மழையில கரஞ்சிரும். ஸ்டியரிங்குல வச்சது ஒன் கையோட போயிரும். அழியாத எடமா ஒண்ணு வேணும்ண்ணே."

"ஒனக்கு எங்க தோணுதோ அங்க வையி தங்கம்."

மீட்டரை மூடியிருக்கிற பிளாஸ்டிக் கண்ணாடியில், கீழே வலது ஓரத்தில், ஒன்றுமே இல்லாமல் கறுப்பாகக் கிடந்த இடத்தில் சந்தனத்தை அப்பினாள். மேலே குங்குமம். "முள்ளு ஓடுற எடத்துல வைக்கலண்ணே, பாத்துக்க. சும்மா கெடக்குற எடந்தான்" என்றாள். முள்ளும் நம்பரும் தெரிந்தால் போதாதா, மூலையில் சும்மா கிடக்கிற கறுப்பு யாருக்கு வேண்டும்? எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான்.

அதிலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவள் வந்து, பழைய பொட்டின்மேலேயே புதுப் பொட்டு வைப்பாள். பழையதை எடுக்கக் கூடாது. வருஷம் ஆக ஆக அது சுண்டைக்காய் பருமனுக்குப் புடைத்துக் கல்லாக இறுகிவிட்டது. ஒரு தடவை ஈரத்துணியைக் கொண்டு போனேன்.

"ஏய், கைய எடு!" அவர் போட்ட சத்தத்தில் துணி கீழே விழுந்துவிட்டது. "தங்கச்சி வச்ச பொட்டு அது. அத அழிக்கிறதும் அவள அழிக்கிறதும் ஒண்ணு."

"ஆமா, எம் பொட்டு தையல் மிசின்ல குனிஞ்சு குனிஞ்சு வேர்வையில அழியுது. அதக் கேக்க நாதியில்ல" என்றேன். ஊரிலும் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது: அழகு வண்டி நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் அந்தப் பொட்டுதான் என்று. சொன்னது யார்? வேறு யார், தங்கப்பொண்ணுதான்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போயிருந்தோம். தங்கப்பொண்ணு வீட்டில் கறி எடுத்திருந்தார்கள். "கொஞ்சம் பருத்தி மிச்சம் கெடக்கு மதினி, எடுத்துப் போட்டுட்டு வந்துர்றேன், அதுக்குள்ள உப்ப அள்ளிக் கொட்டிராதீக" என்று என்னைச் சீண்டிவிட்டுத்தான் காட்டுக்குப் போனாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கூப்பாடு. மருது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்.

"மச்சான்! பாம்பு மச்சான்! செடிக்குள்ள கைய விட்டுட்டா. நல்லபாம்பு, கண்ணால பாத்தேன்!"

எனக்கு வெங்காயமும் கத்தியும் எங்கே போயின என்று தெரியவில்லை. யாரோ உடனே 108க்கு அடித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியும் விட்டது. ஃபோனில் அந்தப் பெண் பொறுமையாக வழி கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் இவர் வண்டியை வாசலில் கொண்டு வந்து திருப்பி நிறுத்தினார். மருது ஃபோனைப் பிடுங்கினார்.

"வேணாந்தாயி. எங்க மச்சான் வண்டி இருக்கு. நாங்களே கொண்டு போயிர்றோம்."

அவ்வளவு பேர் நின்றோம். அது பாட்டுக்கு வரட்டுமே என்று ஒரு வாய் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? அழகுபாண்டி வண்டி வாசலில் நிற்கும்போது ஆம்புலன்ஸ் எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது.

பின்சீட்டில் என் மடியில் தலை, மருது மடியில் கால். வண்டி பறந்தது. ஏசியை முழுசாகத் திருப்பிவிட்டார். அவள் விரல் வீங்கிக்கொண்டே வந்தது. "மதினி, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். இமை தானாகச் சொருகியது.

"ஏய், கண்ணத் தெற. தூங்குன, கொன்னுபுடுவேன்."

"நீங்க... செய்வீக" என்றாள். நாக்குக் குழறியது. அந்த நேரத்திலும் என்னை விடவில்லை பாருங்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஏசியிலிருந்து அனலாக வந்தது.

"ஏங்க, ஏசி சுடுது."

அவர் மீட்டரைப் பார்த்தார். "லைட்டு எதும் எரியல. வெளிய வெயிலு, அதான்."

ஏதோ வெந்து தீய்கிற மாதிரி ஒரு வாடை. திரும்பவும் சொன்னேன். திரும்பவும் மீட்டரைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சுபா, லைட்டு எரியல. பேசாம வா." அப்புறம் வண்டி மூச்சு வாங்குகிற கிழவன் மாதிரி தம் கட்டியது. பானட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. ஒரு உலுக்கல். நின்றுவிட்டது.

அவர் சாவியைத் திருப்பினார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. "நிக்காதே இது. நிக்காதேடி இது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. சவக்களை. மருது பேயடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ரெண்டு பக்கமும் வெட்டவெளி, ஒரு மரமில்லை, மனுஷர் இல்லை. மடியில் இருந்தவள் பாதிக் கண்ணைத் திறந்து, "அண்ணே... ஏண்ணே நின்னுருச்சு?" என்றாள். அதுதான் அன்றைக்கு அவள் கடைசியாகப் பேசியது.

மருது மறுபடியும் 108க்கு அடித்தார். எந்த வாயால் வேண்டாம் என்றாரோ அதே வாயால் கெஞ்சினார். திரும்பவும் அனுப்புகிறோம் என்றார்கள். அதற்குள் பின்னால் டவுன் பஸ் ஒன்று வருவது தெரிந்தது. என் வீட்டுக்காரர் நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஹாரன் அலறுகிறது, ஆள் அசையவில்லை. பஸ் அவர் நெஞ்சை ஒட்டி வந்து நின்றது. டிரைவர் வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே தலையை நீட்டியவர், மருது தோளில் கிடந்தவளைப் பார்த்ததும், "ஏத்துங்கய்யா மொதல்ல, என்னய்யா வேடிக்க பாக்குறீங்க!" என்று சத்தம் போட்டார்.

சந்தைக்குப் போகிற கூட்டம் எழுந்து இடம் விட்டது. அப்புறம் அந்தப் பஸ் எங்குமே நிற்கவில்லை. தன் ஊர் கடந்து போவதைப் பார்த்துக் கத்த வாயெடுத்த ஒரு பெரிய மனுஷி, தங்கப்பொண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவள் காலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். உசிலம்பட்டி ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே பஸ்ஸை நுழைத்துவிட்டார் அந்த மகராசன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊசி போட்டு, மூச்சுக்குக் குழாய் வைத்து, மதுரைக்கு மாற்றினார்கள். ஒரு நர்ஸம்மா மருதுவைப் பிடித்து, "108 கெளம்பிருச்சாமே, அத ஏன்யா வேண்டாம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். மருது பச்சைப்பிள்ளை மாதிரி, "எங்க மச்சான் வண்டி நிக்காதுங்க" என்றார். நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தங்கப்பொண்ணு பிழைத்தாள். அவளுக்குக் குழாயை எடுத்து, அவள் வாய் திறந்து பேசிய பிறகுதான் இவர் வண்டி எங்கே என்றே கேட்டார். அதைக் கட்டி இழுத்துத் திருமங்கலத்தில் சேக் மைதீன் பாய் ஒர்க்ஷாப்பில் போட்டிருந்தார்கள். ரெண்டு பேருமாகப் போனோம்.

"தண்ணி போற ஹோஸ் வெடிச்சுருக்குண்ணே. பழைய ரப்பர்தான, எப்பவாச்சும் விடத்தான் செய்யும். தண்ணி பூரா ஒழுகி இன்ஜின் காஞ்சுருச்சு" என்றார் பாய். "ஆனா சூடு ஏறுனதும் செவப்பு லைட்டு எரிஞ்சுருக்குமே. அப்பவே நிப்பாட்டி, ஹோஸத் துணியால இறுக்கிக் கட்டித் தண்ணி ஊத்தியிருந்தா போயிருக்கலாம்ல?"

"எரியல பாய்."

"எரியாம இருக்காதுண்ணே."

"எங்கப்பன் மேல சத்தியமா எரியல பாய்! ரெண்டு தடவ பாத்தேன். இவளக் கேளுங்க!"

நானும் பார்த்தேன், எரியவில்லை என்றுதான் சொன்னேன். வண்டியின் கதவு திறந்து கிடந்தது. எனக்குக் கால் வலி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சாவி அதிலேயே இருந்தது. சும்மா திருப்பிப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் எல்லா விளக்கும் ஒரு தடவை மின்னி அணையுமே, அப்படி மஞ்சளும் சிவப்புமாக மீட்டர் முழுக்க எரிந்து அணைந்தது. கீழே வலது ஓரத்தில் மட்டும் பொட்டைச் சுற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

நகத்தை வைத்துச் சுரண்டினேன். முதலில் குங்குமம் உதிர்ந்தது, அப்புறம் மஞ்சளான சந்தனம், அடியில் பாறை மாதிரிப் பழைய சந்தனம். நகம் ஒடிந்தது. "ஏய், என்ன பண்ற?" என்று அவர் ஓடி வந்தார். அந்தப் பொட்டுக் கட்டி பெயர்ந்து என் மடியில் விழுந்தது. சாவியை அணைத்துத் திரும்பவும் போட்டேன். அந்த மூலையில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

"யா அல்லாஹ்" என்று பாய் வாயைப் பொத்திக்கொண்டார். பத்து வருஷம் வண்டி அதற்கு வலிக்காததால் பேசவில்லை. வலித்த அன்றைக்குக் கத்தியிருக்கிறது. அதன் வாயைத்தான் நாங்கள் சந்தனம் வைத்துப் பூசியிருந்தோம். என் வீட்டுக்காரர் கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் முந்தானையைப் பிடித்தார்.

"சுபா, தங்கத்துக்குத் தெரியக் கூடாது. தான் வச்ச பொட்டுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. வாயத் தெறந்துராத தாயி."

என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். அதனால்தான் தாயி என்றார்.

இன்ஜினைப் பிரித்துச் சரி பண்ணி வண்டி வந்தது. முதல் வேலையாக ஊருக்குப் போனோம். தங்கப்பொண்ணு இளைத்துப் போயிருந்தாள், விரலில் கட்டு. ஆனாலும் வண்டிச் சத்தம் கேட்டதும் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டாள். கண்டம் தப்பி வந்தது அவள், ஆரத்தியோ வண்டிக்கு. தெருவே கூடியிருந்தது. பானட்டில் பொட்டு வைத்துவிட்டு, வழக்கம்போல டிரைவர் சீட்டில் ஏறினாள். ஏறியவள் மீட்டரைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, எம் பொட்ட எங்க?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். என் கை விரலில் ஒடிந்த நகத்தைப் பார்த்தாளோ என்னவோ.

"மதினி, நீங்கதான அழிச்சீக?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன்னைச் சாகக் கொடுக்கப் பார்த்ததே அந்தப் பொட்டுதான்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் என்னைப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை. அவள் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தாள், கட்டுப் போட்ட அந்த விரல் மட்டும் தட்டில் படாமல் விலகி நின்றது.

"ஆமா, நான்தான் அழிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போனமே, அதுக்கு முந்தியே அழிச்சுட்டேன். இப்ப என்னங்குற?"

தங்கப்பொண்ணுக்கு உதடு துடித்தது. "அதான் வண்டி நின்னுருச்சு. பொட்ட அழிச்சுட்டீக, வண்டி நின்னுருச்சு. எம்மேல ஒங்களுக்கு அம்புட்டு வன்மமா மதினி?" மருது என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இவர் வாயைத் திறந்தார். ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, சந்தனத்தைத் தொட்டு, அதே மூலைக்குக் கையைக் கொண்டுபோனாள். எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அங்க வைக்காத. வச்சா மறுபடியும் அழிப்பேன். எத்தன தடவ வச்சாலும் அழிப்பேன்."

தட்டைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். எங்களுக்கு ஒருவாய்த் தண்ணீர்கூட யாரும் தரவில்லை.

திரும்பி வரும்போது இவர் சாவியைப் போட்டு, எல்லா விளக்கும் எரிந்து அணைகிறவரை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். டி.கல்லுப்பட்டி தாண்டியதும், "சுபா" என்றார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அழகுபாண்டி வண்டியை நிறுத்தினவள் அவன் பெண்டாட்டிதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொல்லட்டும். சொல்வதற்கு அவள் இருக்கிறாளே.